விடிய விடிய நடந்த கூத்தைப் பதிவு செய்தேன். விடியும்போது ஒலி படத்தை விட்டு விலகிவிட்டது. ஏன்?

கெடிலக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கடலூரிலிருந்து பண்ருட்டி செல்லும் சாலையை ஒட்டிய ஒரு சிற்றூரில் தமிழாசிரியையாக இருக்கிறேன். எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் சென்ற சித்திரையில் நடந்த தெருக்கூத்தை, இரவு 10 மணிக்குக் கட்டியங்காரன் வந்தது முதல் விடியற்காலை 5 மணி வரை, முழுமையாகப் பதிவு செய்தேன். என் தந்தையார் அந்தக் குழுவில் முகவீணை என்னும் ஊதுகருவியை வாசிப்பவர். அவருக்கு 71 வயதாகிறது. இனி ஓர் இரவு முழுவதும் மூச்சுப் பிடித்து வாசிக்க முடியுமா என்பது தமக்கே ஐயமாக இருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டதால்தான், கடன் வாங்கிய கருவிகளோடு இந்த வேலையில் இறங்கினேன்.

வீடியோ கேமரா ஒன்றைக் கூத்துக் களத்திலிருந்து சுமார் 25 மீட்டர் தள்ளி ஒரு மேடான இடத்தில் நிறுத்தினேன். கைக்கு அடக்கமான ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைப் பின்பாட்டுக்காரர்கள் அமர்ந்திருந்த பெஞ்சில், ஆர்மோனியத்துக்கும் என் தந்தையாருக்கும் இடையில் வைத்தேன். என் தம்பி செல்பேசியில் கூட்டத்துக்குள்ளிருந்து அவ்வப்போது எடுத்தான். மைக் செட்டின் கூம்புகள் கூத்துப் பந்தலின் மூங்கிலிலேயே கட்டப்பட்டிருந்தன.

வீட்டுக்கு வந்து, கேமராவில் பதிவான ஒலியின் அலைவடிவத்தையும் ரெக்கார்டரின் அலைவடிவத்தையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினேன். தொடக்கத்தில் இரண்டும் அச்சாகப் பொருந்தின. ஆனால் நள்ளிரவுக்குப் பிறகு வாயசைவுக்கு முன்பாகவே பாட்டு வந்துவிடுகிறது. விடியற்காலைப் பகுதியில் தாளம் தட்டும் கை இறங்குவதற்கு ஏறத்தாழ 1 வினாடி முன்பே ஓசை கேட்டுவிடுகிறது. இரண்டு கருவிகளும் ஒரு நொடிகூட நிறுத்தப்படவில்லை என்பது எனக்கு உறுதியாகத் தெரியும்.

வேறு குறைகளும் உள்ளன. செல்பேசியில் எடுத்த படத்தில் டியூப் லைட்டுகளின் ஒளி பட்ட இடங்களில் கரிய பட்டைகள் மேலும் கீழுமாக ஊர்கின்றன. நள்ளிரவில் மின்சாரம் நின்று ஜெனரேட்டர் ஓடிய ஒன்றரை மணி நேரத்தில் மட்டும் வீடியோ கேமராவிலும் மெல்லிய பட்டைகள் விழுந்திருக்கின்றன. செல்பேசியின் ஒலியில், மத்தளம் ஓங்கி ஒலித்தவுடன் பாடுபவரின் குரல் அமுங்கி, பிறகு மெல்ல எழுகிறது. ரெக்கார்டரிலோ, என் தந்தையார் மேல் ஸ்தாயியில் வாசிக்கும் சில இடங்களில் நாதம் கிழிந்தாற்போல் இருக்கிறது.

எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று மட்டும் சொன்னால் எனக்குப் போதாது. ஒரு மைக்கும் கேமராவும் உண்மையில் என்ன செய்கின்றன, ஏன் இப்படி நேர்கிறது என்பதை விளக்கினால் என் மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுப்பேன்.

முத்தியால்பேட்டை எழுதியது:

அம்மா, வணக்கம். புதுச்சேரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மைக் செட்டும் கச்சேரி ஒலிப்பதிவும் செய்து வருகிறேன். உங்கள் முதல் கேள்விதான் எல்லாவற்றிலும் கனமானது என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

ஓசை என்பது காற்றின் அழுத்தம் கூடுவதும் குறைவதும்தான். மைக்கின் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு அந்த அழுத்தத்துக்கு ஏற்ப முன்னும் பின்னும் அசைகிறது. மேடைகளில் பாடகர்கள் கையில் பிடிக்கும் டைனமிக் மைக்கில், அந்தச் சவ்வோடு ஒட்டிய கம்பிச் சுருள் ஒரு காந்தத்தின் இடைவெளிக்குள் அசைவதால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. கண்டென்சர் மைக்கில் காந்தமும் சுருளும் கிடையாது. சவ்வும் அதன் பின்னாலுள்ள தகடும் சேர்ந்து ஒரு மின்தேக்கியாக நிற்க, இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் மாறும்போது மின்னழுத்தம் மாறுகிறது. அதற்கு வெளியிலிருந்து மின்னூட்டம் வேண்டும். பெரிய மிக்ஸர்கள் கம்பி வழியாகவே 48 வோல்ட் அனுப்புவது அதற்காகத்தான். உங்கள் ரெக்கார்டரைப் போன்ற சிறு கருவிகளில் பெரும்பாலும் இருப்பது எலெக்ட்ரெட் வகை. மின்னூட்டத்தைத் தன்னுள்ளேயே நெடுங்காலம் தேக்கிவைக்கும் படலத்தைக் கொண்டு அதை 1962இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் உருவாக்கினார்கள்.

இதுவரை நடந்ததில் கடிகாரத்துக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். காற்று எப்படி ஏறி இறங்குகிறதோ, மின்னழுத்தமும் அப்படியே ஏறி இறங்குகிறது. அடுத்த படியில்தான் கடிகாரம் நுழைகிறது. அந்த மின்னழுத்தத்தை ரெக்கார்டர் ஒரு வினாடிக்கு 48,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதி வைக்கிறது. மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 20,000 அதிர்வு, வரை கேட்கும்; ஓர் அதிர்வைச் சிதையாமல் திரும்பப் பெற அதன் எண்ணிக்கையைப் போல் இரு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும் என்பதால் இந்த எண் வந்தது. கோப்பில் இருப்பது எண்களின் வரிசை மட்டுமே. ஒவ்வோர் எண்ணும் எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது என்று அதில் குறிப்பு இல்லை. வினாடிக்கு 48,000 என்று தலைப்பில் எழுதியிருப்பதை நம்பியே கணினி அதை இசைக்கிறது.

ஆனால் அந்த 48,000-ஐ எண்ணுவது யார்? கருவிக்குள் இருக்கும் ஒரு சிறு குவார்ட்ஸ் படிகம். பல கருவிகளில் அது வினாடிக்கு 2,45,76,000 முறை அதிரும். அதை 512ஆல் வகுத்தால் 48,000 கிடைக்கும். கேமராவுக்குள்ளும் ஒரு படிகம் இருக்கிறது, ஆனால் அது வேறு படிகம். ஒரே தொழிற்சாலையில் வெட்டிய இரண்டு படிகங்கள்கூட ஒரே வேகத்தில் அதிரமாட்டா. பத்து லட்சத்தில் 20, 30, 50 பங்கு முன்பின்னாக இருப்பது வழக்கம். வெப்பநிலை மாறினால் அதுவும் சற்று மாறும். பத்து லட்சத்தில் 50 பங்கு என்பது கேட்பதற்கு ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். 4 நிமிடப் பாட்டில் அது 0.012 வினாடி, யாருக்கும் தெரியாது. 7 மணி நேரக் கூத்தில் அதுவே 1.26 வினாடி ஆகிவிடும். கல்யாண வீடியோவில் யாரும் சந்திக்காத இந்தச் சிக்கலைக் கூத்து எடுப்பவர்கள் சந்திப்பதற்குக் காரணம் கூத்தின் நீளம்தான்.

இது புதிய சிக்கலும் இல்லை. 1920களின் பிற்பகுதியில் பேசும் படங்கள் தொடங்கியபோது, படம் சுருளிலும் ஒலி தனி இசைத்தட்டிலுமாக ஓடிய ஒரு முறை இருந்தது. ஊசி ஒரு கோடு தாவினாலும், சுருள் அறுந்து சில ஃப்ரேம்களை, அதாவது தனித்தனி நிலைப்படங்களை, வெட்டி ஒட்டினாலும், அதன் பிறகு பேச்சும் வாயும் சேரா. படத்தின் ஓரத்திலேயே ஒலியை ஓர் ஒளிக்கோடாகப் பதித்து, இரண்டையும் ஒரே நாடாவில் ஓடவிட்ட பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது.

இருந்தாலும், உங்கள் விலகலுக்குக் காரணம் படிகம்தான் என்று இப்போதே முடிவு கட்ட நான் விரும்பவில்லை. கேமராக்கள் பல, நினைவட்டையின் அமைப்பு காரணமாக 4 ஜிபி ஆனதும் கோப்பை மூடிப் புதிய கோப்பைத் தொடங்கும். அந்த மாற்றத்தில் சில ஃப்ரேம்கள் விடுபடக்கூடும். காரணம் அதுவானால் விலகல் படிப்படியாகக் குதித்துக் குதித்து வரும். படிகமே காரணமானால் அது ஒரே சீராக, நேர்கோடாக வளரும். தாளம் தட்டும் கை படத்தில் தெரிகிறது என்பது நீங்கள் எழுதியதிலிருந்து புரிகிறது. தொடக்கத்திலும், 1 மணி நேரத்திலும், 3 மணி நேரத்திலும், கடைசியிலும் தாளம் மோதும் ஃப்ரேமையும் ரெக்கார்டரில் அந்த ஓசை எழும் இடத்தையும் ஒப்பிட்டு, எத்தனை ஃப்ரேம் வேறுபாடு என்று எண்ணிச் சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம் எழுதியது:

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். பெரியவர் ஒலியைச் சொல்லிவிட்டதால், பட்டைகளைப் பற்றி நான் சொல்கிறேன். கடலூரில் கல்யாணம், காதுகுத்து, கோயில் விழா எல்லாவற்றையும் எடுக்கிறேன். இந்தப் பட்டைகள் என்னையும் பல நாள் தூங்கவிடாமல் செய்திருக்கின்றன.

கேமரா அசைவைப் பதிவதில்லை. வினாடிக்கு 25 அல்லது 30 நிலைப்படங்களை எடுக்கிறது. அவற்றை விரைந்து காட்டும்போது நம் கண்ணும் மூளையும் அதை அசைவாகக் கொள்கின்றன. ஒவ்வொரு நிலைப்படமும் எப்படி எடுக்கப்படுகிறது என்பதில்தான் உங்கள் பட்டைக்கான விடை இருக்கிறது. லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சிலிக்கான் சில்லில் லட்சக்கணக்கான நுண்ணிய கிணறுகள் வரிசை வரிசையாக இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒளி விழ விழ ஒவ்வொரு கிணற்றிலும் எலெக்ட்ரான்கள் சேர்கின்றன. குறித்த நேரம் கழிந்ததும் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்துவிட்டுக் கிணற்றைக் காலி செய்கிறார்கள். இந்தக் கிணறுகளுக்கு நிறம் தெரியாது என்பதால் மேலே சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளைப் பதித்திருப்பார்கள். நான்கில் இரண்டு பச்சை. கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அதே அமைப்புதான் இன்றும் பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது.

செல்பேசியில் எல்லா வரிசைகளையும் ஒரே கணத்தில் அளப்பதில்லை. மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரிசையாக அளந்துகொண்டு வரும். ஒரு படத்தின் மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் இடையில் 10, 20 மில்லி வினாடிகள்கூடக் கழிந்துவிடும். ஓடும் மின்விசிறியின் இறக்கைகள் செல்பேசியில் வளைந்து தெரிவது இதனால்தான்.

இனி விளக்கைப் பாருங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒரு சுற்றுக்கு இரு முறை உச்சம் வருவதால், மலிவான எல்.இ.டி. டியூப் லைட் வினாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கிறது. நம் கண்ணுக்கு அது தெரியாது. ஷட்டர், அதாவது கிணறுகளில் ஒளி சேரவிடும் நேரம், 1/50 வினாடியாக இருந்தால் ஒவ்வொரு வரிசைக்கும் சரியாக இரண்டு முழுத் துடிப்புகளின் ஒளி கிடைக்கும். எந்த வரிசை எப்போது தொடங்கினாலும் மொத்தம் ஒன்றுதான், பட்டை விழாது. செல்பேசி தன் போக்கில் 1/120 என்று வைத்துக்கொண்டால் ஒரு முழுத் துடிப்புக்கூடக் கிடைப்பதில்லை. துடிப்பின் உச்சத்தில் மாட்டிய வரிசைகள் வெளுப்பாகவும், தாழ்வில் மாட்டியவை கறுப்பாகவும் விழுகின்றன. அதோடு வினாடிக்கு 30 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு மூன்றேகால் துடிப்புக்குச் சற்று மேல் வருவதால், பட்டை ஒவ்வொரு ஃப்ரேமிலும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். உங்கள் வீடியோ கேமரா 25 ஃப்ரேம், 1/50 என்ற அமைப்பில் இருந்திருக்க வேண்டும்; அதனால்தான் அதில் முதலில் பட்டை இல்லை.

ஜெனரேட்டர் ஓடியபோது ஏன் வந்தது என்பதுதான் அருமையான கேள்வி. நான்கு துருவ ஜெனரேட்டர் 50 ஹெர்ட்ஸ் தர வேண்டுமானால் எஞ்சின் நிமிடத்துக்குச் சரியாக 1,500 சுற்றுச் சுற்ற வேண்டும். சுமை குறைவாக இருந்தால் எஞ்சின் சற்று வேகமாக ஓடும். 52 ஹெர்ட்ஸ் வருவது சாதாரணம். அப்போது விளக்கு 104 முறை துடிக்கும். 1/50 வினாடியில் இரண்டு துடிப்போடு கூடுதலாக 0.08 துடிப்பு ஒட்டிக்கொண்டு வரும். அந்தச் சிறு மிச்சம்தான் நீங்கள் கண்ட மெல்லிய பட்டை. தீவட்டியும் பெட்ரோமாக்ஸும் வைத்துக் கூத்து நடந்த காலத்தில் இப்படிப்பட்ட கேமரா இருந்திருந்தால் மின்சாரத்தின் துடிப்பால் வரும் இந்தத் தொல்லை வந்தே இருக்காது.

மெல்லிய பட்டைகளை எடிட்டிங் மென்பொருளில் ஓரளவு குறைக்கலாம். செல்பேசியில் விழுந்த கரும்பட்டைகளை முழுதாக நீக்குவது கடினம் என்பதால், அந்தத் துண்டுகளை மிகத் தேவையான இடங்களில் மட்டும் பயன்படுத்துங்கள். அடுத்த முறை செல்பேசியின் வீடியோ அமைப்பில் 25 ஃப்ரேமும் 1/50 ஷட்டரும் வைத்து, வெளிச்ச அளவைப் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கிரீடத்தின் கண்ணாடித் துண்டுகள் மின்னும்போதெல்லாம் முகம் இருண்டு போகும். 1/50 வைத்தால் வேடக்காரர் சுழன்று ஆடும்போது உடையின் ஓரம் சற்றுக் கலங்கித் தெரியும். வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் அசையும் விளிம்பு அந்த நேரத்துக்குள் 8 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அதைக் குறையாகக் கொள்ள வேண்டாம். கண்ணுக்கு அதுவே இயல்பாகத் தெரியும் என்பது என் அனுபவம்.

கெடிலக்கரை எழுதியது:

இருவருக்கும் என் நன்றி. பெரியவர் சொன்னபடி நேற்று இரவு உட்கார்ந்து எண்ணினேன். ஒரு ஃப்ரேம் 40 மில்லி வினாடி என்பதால் அதற்கும் நுணுக்கமாக என்னால் அளக்க முடியவில்லை.

தொடக்கத்தில் ரெக்கார்டரின் ஒலி படத்தைவிட 2 ஃப்ரேம் பிந்தியிருக்கிறது. 1 மணி நேரத்தில் 1 அல்லது 2 ஃப்ரேம் முந்தியிருக்கிறது. 3 மணி நேரத்தில் 8 ஃப்ரேம் முந்தல். 7 மணி நேரம் முடியும் இடத்தில் 20 அல்லது 21 ஃப்ரேம் முந்தல். இடையில் ஒவ்வொரு கோப்பு மாறும் இடத்துக்கும் முன்னும் பின்னும் பார்த்தேன். அங்கெல்லாம் குதிப்பு எதுவும் இல்லை.

எனக்குப் புரியாதது அந்தத் தொடக்கம்தான். அலைவடிவங்களை அச்சாகப் பொருத்திய இடத்திலேயே எப்படி 2 ஃப்ரேம் பிந்தும்? என் எண்ணிக்கை தவறோ என்று வெவ்வேறு தாளத் தட்டுகளில் ஐந்து முறை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அதே விடைதான். செல்பேசி ஒலியைப் பற்றியும் முகவீணை கிழிவதைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டுகிறேன்.

முத்தியால்பேட்டை எழுதியது:

அம்மா, மிக அழகாக அளந்திருக்கிறீர்கள். பிந்தல் 2-லிருந்து முந்தல் 20.5 வரை, மொத்தம் 22.5 ஃப்ரேம், அதாவது 0.9 வினாடி. 25,200 வினாடியில் 0.9 என்றால் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 36 பங்கு. மணிக்கு மூன்றேகால் ஃப்ரேம் வீதம் நேர்கோடாக வளர்ந்திருக்கிறது. ஐயமே இல்லை, இது படிகங்களின் வேறுபாடுதான். கேமராவோடு ஒப்பிட்டால் உங்கள் ரெக்கார்டர் ஒவ்வொரு வினாடியிலும் 48,000க்குப் பதிலாக 47,998 சொச்சம் எண்களைத்தான் எடுத்திருக்கிறது. 7 மணி நேரத்தில் ஏறத்தாழ 43,000 எண்கள் குறைந்திருப்பதால் கோப்பு குட்டையாகி, ஒலி முந்திக்கொள்கிறது. எது சரியான கடிகாரம் என்று கேட்க வேண்டியதில்லை. படத்துக்கு ஒலியைப் பொருத்தினால் போதும்.

மென்பொருளில் ஒலிக் கோப்பின் நீளத்தை 1.0000357 மடங்காக நீட்டலாம். சுருதி மாறுமோ என்று அஞ்ச வேண்டாம். இந்த அளவு மாற்றத்தை எந்தக் காதும் அறியாது. இவ்வளவு நுண்ணிய எண்ணை மென்பொருள் ஏற்காவிட்டால், 15 நிமிடத்துக்கு ஒரு முறை, வேடம் திரைக்குப் பின் செல்லும் இடைவெளிகளில் ஒலியை வெட்டி நகர்த்திக்கொள்ளுங்கள். 15 நிமிடத்தில் விலகல் 1 ஃப்ரேமுக்கும் குறைவு. நான் பழைய பழக்கத்தால் இரண்டாவது வழியைத்தான் விரும்புவேன்.

செல்பேசியின் குரல் அமுங்கி எழுவதற்குக் காரணம், ஒலியளவைத் தானாகவே கட்டுப்படுத்தும் அமைப்பு. செல்பேசி பேசுவதற்கென்று செய்த கருவி. ஓசை திடீரென்று உயர்ந்தால் உள்ளே பெருக்கத்தை உடனே குறைக்கும். ஓசை தணிந்த பின் மெதுவாகவே திரும்ப ஏற்றும். மத்தள அடி விழுந்த அடுத்த கணத்தில் குரல் அமுங்குவது அந்த மெதுவான ஏற்றத்தால்தான். அதோடு, மாறாமல் நீடிக்கும் ஓசையை இரைச்சல் என்று எண்ணி வடிகட்டும் அமைப்பும் பல செல்பேசிகளில் உண்டு. ஆர்மோனியத்தில் பிடித்திருக்கும் சுருதியும் மாறாமல் நீடிப்பதுதான். அதற்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. இப்படிக் கெட்ட ஒலியைத் திருத்த முயலாமல், செல்பேசிப் படத்துக்கும் ரெக்கார்டர் ஒலியையே பொருத்துங்கள்.

முகவீணை கிழிவதைப் பற்றிச் சொல்ல வருத்தமாக இருக்கிறது. ரெக்கார்டர் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் ஒன்று உண்டு. ஒவ்வோர் எண்ணையும் 16 இரும இலக்கங்களில் எழுதும் 16 பிட் பதிவில் அது 32,767. அதற்கு மேல் ஒலி உயர்ந்தாலும் கருவி அதே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதும். அலையின் உச்சி வெட்டுண்டு தட்டையாகிவிடும். அந்தத் தட்டையான விளிம்பிலிருந்து, முகவீணையில் இல்லாத புதிய ஓசைகள் பிறக்கின்றன. உங்களுக்குக் கிழிவதாகக் கேட்பது அதுதான். வெட்டுண்ட உச்சியில் என்ன இருந்தது என்பது எங்கும் எழுதப்படவில்லை. ஊகித்து நிரப்பும் மென்பொருள்கள் உள்ளன. உச்சி சிறிதளவே வெட்டுண்ட இடங்களில் அவை காதுக்கு இதமாக்கும், ஆனால் அது உங்கள் தந்தையார் வாசித்தது ஆகாது. பாதுகாத்து வைக்கும் மூலக் கோப்பில் கை வைக்காமல், நகலில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

அடுத்த முறைக்கு இரண்டு செய்திகள். முகவீணையின் வாய்ப்புறத்துக்கு ஓரடியில் இருந்த மைக்கை நான்கடிக்கு நகர்த்தினாலே நேரடி ஒலி ஏறத்தாழ 12 டெசிபெல் குறையும், தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபெல் என்ற கணக்கில். பதிவை 24 பிட்டில் வைத்து, மிக ஓங்கிய இடத்திலும் உச்சி −12 டெசிபெல்லைத் தாண்டாதபடி அளவைக் குறையுங்கள் (கருவி எழுதக்கூடிய உச்ச அளவுதான் 0). குறைந்த ஒலியைப் பிறகு உயர்த்த முடியும், வெட்டுண்டதை ஒட்ட முடியாது. இடம் மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபிதான் பிடிக்கும். நம் கரையோரத்தில் கடற்காற்று மைக்கின் சவ்வைத் தள்ளி உறுமலாகப் பதியும் என்பதால், நுரை உறையோடு அடர்ந்த மயிர் உறையும் போடுவது நல்லது. விடியற்காலை ஈரம் கண்டென்சர் மைக்கில் சடசடவென்ற ஓசையை உண்டாக்கும்; அந்த வேளைக்கென்று ஒரு டைனமிக் மைக்கையும் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கத்தின் 2 ஃப்ரேம் பிந்தல் எனக்கும் விளங்கவில்லை. கேமராவுக்குள் ஒலியைப் பதிவதில் ஏதேனும் தாமதம் இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

திருப்பாதிரிப்புலியூர் எழுதியது:

வணக்கம். கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். பெரியவர் சொன்னவை எல்லாம் சரியானவை. அந்தக் கடைசி வரியில் மட்டும் நான் வேறுபடுகிறேன். விடை கேமராவுக்குள் இல்லை, கேமராவுக்கும் களத்துக்கும் இடையிலுள்ள 25 மீட்டரில் இருக்கிறது.

சித்திரை இரவின் வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 348 மீட்டர் செல்லும். 25 மீட்டரைக் கடக்க அதற்கு 0.072 வினாடி வேண்டும். ஒளிக்கு அந்தத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. ஆகவே கேமராவில் பதிவான படம் நிகழ்ந்த கணத்தையும், கேமராவின் மைக்கில் பதிவான ஒலி அதற்கு 72 மில்லி வினாடி பிந்திய கணத்தையும் சேர்ந்தவை. கூம்புகள் பந்தலிலேயே கட்டப்பட்டிருந்ததால் அவற்றின் ஒலியும் இதே தூரத்தைக் கடந்துதான் வந்தது. ஆசிரியர் ரெக்கார்டரின் ஒலியைக் கேமராவின் ஒலியோடு பொருத்தியபோது, பெஞ்சின் மேல் உடனுக்குடன் பதிவான ஒலியையும் அந்த 72 மில்லி வினாடி பின்னுக்குத் தள்ளிவிட்டார். அதை 40ஆல் வகுத்தால் 1.8 ஃப்ரேம். அவர் ஐந்து முறை எண்ணிக் கண்ட 2 ஃப்ரேம் இதுவே.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. மணிக்கு மூன்றேகால் ஃப்ரேம் வீதம் ஒலி முந்திக்கொண்டே வந்ததால், தொடங்கி ஏறத்தாழ 34 நிமிடத்தில் பிந்தல் முழுதும் கரைந்து, ஒலியும் படமும் தாமாகவே சரியாகச் சேர்ந்திருக்க வேண்டும். ஆசிரியர் அந்த இடத்தைப் பார்த்துச் சொன்னால் மகிழ்வேன்.

முதல் அரை மணி நேரத்தின் பிந்தல் அவர் கண்ணை உறுத்தாமல், பின்னர் வந்த முந்தல் உறுத்தியதற்கும் காரணம் உண்டு. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை ஒன்றின்படி, ஒலி பிந்தினால் ஏறத்தாழ 125 மில்லி வினாடி வரை பார்ப்பவர் உணர்வதில்லை. முந்தினாலோ 45 மில்லி வினாடியிலேயே உணர்ந்துவிடுகிறார். தொலைவில் துணி துவைப்பவரின் அடியைக் கண்டபின் ஓசையைக் கேட்டே பழகியவர்கள் நாம்; அடி விழும் முன் ஓசை வருவதை இயற்கையில் யாரும் கண்டதில்லை என்பதே இதற்குக் காரணம் என்று நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு.

ஆகவே, முதலில் ரெக்கார்டர் ஒலி முழுவதையும் 72 மில்லி வினாடி முன்னே நகர்த்துங்கள். அதன் பிறகு பெரியவர் சொன்னபடி நீட்டுங்கள். அடுத்த முறை தொடக்கத்திலும் முடிவிலும் களத்தின் நடுவில் ஒருவரை நிறுத்தி, கேமரா பார்க்கக் கையை ஓங்கித் தட்டச் சொல்லிவிட்டால், அலைவடிவத்தை நம்பாமல் கைகள் மோதும் ஃப்ரேமையே நம்பிப் பொருத்தலாம்.

முத்தியால்பேட்டை எழுதியது:

பேராசிரியர் சொன்னதே சரி. திருவிழாவில் தொலைவில் கட்டிய கூம்பின் ஒலி பிந்தி வருவதை ஆயிரம் முறை கேட்டிருந்தும் இங்கே எனக்கு அது தோன்றவில்லை. கேமராவுக்குள் தாமதம் என்று நான் எழுதியதை விட்டுவிடுங்கள்.

கெடிலக்கரை எழுதியது:

34ஆவது நிமிடத்தைப் பார்த்தேன். கட்டியங்காரன் முதல் வேடத்தை அழைத்து முடித்து, திரை பிடித்திருக்கும் இடம். தாளத்தின் கையும் ஓசையும் ஒரே ஃப்ரேமில் இருக்கின்றன.

72 மில்லி வினாடி நகர்த்தி, நீட்டி முடிக்க இரண்டு மாலைகள் ஆயின. மென்பொருள் ஆறாவது தசமத்துக்கு மேல் ஏற்காததால், இறுதிப் பகுதியில் கால் ஃப்ரேமுக்கும் குறைவாக ஏதோ மிச்சம் இருக்கலாம். என் கண்ணுக்குத் தெரியவில்லை. மூலக் கோப்புகளைத் தொடாமல் இரண்டு வட்டுகளில் தனித்தனியே எடுத்து வைத்துவிட்டேன்.

நேற்று இரவு விடியற்காலைப் பகுதியைத் தந்தையாருக்குப் போட்டுக் காட்டினேன். நாதம் கிழியும் ஓர் இடம் வந்ததும், அது கருவியின் பிழை என்று நான் விளக்கத் தொடங்கினேன். அவர் கையமர்த்திவிட்டு, அந்த இடத்தில் முகவீணையின் வாயில் பொருத்தும் சீவாளி ஈரமேறி இருந்ததால் தாமே வழக்கத்தைவிட அழுத்தி ஊதியதாகச் சொன்னார். ஆடியில் பக்கத்து ஊரில் கூத்து இருக்கிறது; பாதி இரவு வரை வாசிப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். மைக்கை நான்கடி தள்ளி வைக்கும்படி பெஞ்சில் இடம் விடுமாறு ஆர்மோனியக்காரரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.